பத்து நிமிஷ வேலை

மூன்றாவது பாட்டிலின் லேபிள் மட்டும் வருவேனா என்று அடம்பிடித்தது. மகள் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்; கத்தியின் முதுகால் தேய்த்துப் பார்த்தாள். காகிதம் கூழாகி வந்ததே தவிர கோந்து கண்ணாடியை விடவில்லை.

கூடத்தில் அம்மா பெட்டிக்குள் படுத்திருந்தாள். வண்டி மூன்று மணிக்கு வரும். இப்போது பதினொன்றேகால்.

"ஏண்டி, அந்த வாளியக் காலி பண்ணிக் குடு. கூடத்தத் துடைக்கணும்."

சமையலறை வாசலில் அத்தை நின்றாள். அப்பாவின் அக்கா. விடிகாலையில் அம்மாவின் மூச்சு நின்றது. ஏழு மணிக்கெல்லாம் அத்தை வந்துவிட்டாள். வந்ததிலிருந்து நாற்காலிகளை எங்கே போடுவது, யார் எங்கே உட்காருவது, யார் எப்போது அழுவது எல்லாம் அவள் கண்ணசைவில்தான் நடந்தது.

"குளியலறையில ஒரு வாளி இருக்கு அத்தை."

"அது ஓட்டை. இதுல என்னத்த ஊறப் போட்டிருக்க?"

"நான் போடல. அம்மா போட்டது. நேத்து சாயங்காலம்."

அத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்குள் காலி ஜாம் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

"இன்னிக்குமா?" என்றாள்.

மகள் நான்காவது பாட்டிலை எடுத்தாள்.

அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். அந்தப் பிரிவில் அவளைத் தவிர பன்னிரண்டு பெண்கள். ஆண்டுக்கு ஒரு முறை நிலையத்தைப் பத்து நாள் மூடுவார்கள். மூடுகிற அன்று பன்னிரண்டு பேருக்கும் அம்மா கையால் செய்த ஏதாவது ஒன்று கிடைக்கும். பழைய நாட்காட்டி அட்டையில் வாழ்த்து மடல், காதறுந்த கோப்பையில் மெழுகுவர்த்தி, சட்டைக் காலரில் புத்தக அடையாளம். எதைக் கேட்டாலும் "பத்து நிமிஷ வேலை" என்பாள். எந்த வேலையும் ஒருநாளும் பத்து நிமிஷத்தில் முடிந்ததில்லை. அதனாலேயே இஸ்திரிப் பிரிவில் அவளுக்குப் பெயர் 'பத்து நிமிஷம்'.

இந்த வருஷம் ஊசி பாட்டில். உள்ளே பொத்தான்களும் நூலும். மூடிக்கு மேல் பஞ்சு வைத்துத் துணி போர்த்தி, ஊசி குத்தி வைக்க ஒரு குட்டி மெத்தை. "பொத்தான் தைக்கிற இடத்துக்கே பொத்தானா? கொல்லன் தெருவுல போய் ஊசி விக்கிற கதையால்ல இருக்கு" என்று மகள் போன வாரம் சிரித்தாள். "விக்கப் போனாத்தான தப்பு? நான் சும்மால்ல குடுக்கறேன்" என்றாள் அம்மா.

இன்று மாலை சலவை நிலையம் மூடும். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால், அரை நாள் விடுப்பில், எல்லாரும் சேர்ந்து இங்கே வருகிறார்கள். இன்று கொடுத்தால் அது அம்மா கொடுத்தது. பத்து நாள் கழித்துக் கொடுத்தால் இவள் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

இப்படி யோசிப்பது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை. மற்றவர்கள் இந்நேரம் அழுதுகொண்டிருப்பார்களோ? பாட்டில்களை வரிசையாகத் துணியில் கவிழ்த்தாள். எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள்.

கூடத்தில் சாக்கு ஒன்று சரசரத்தது. அத்தை அம்மாவின் அலமாரிக்குக் கீழே குனிந்து, துணித் துண்டுகளையும் அட்டைகளையும் அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தான் டப்பாவும் அவள் கையில் இருந்தது.

"அத வைங்க அத்தை."

"ஆளுங்க வர்ற நேரம். வீடு குப்பைமேடு மாதிரி கெடக்கு. செத்தவளுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"அதெல்லாம் குப்பை இல்ல. வைங்க."

"உங்கம்மா உசுரோட இருக்கும்போதுதான் மானத்த வாங்கினா. இன்னிக்காவது..."

அத்தை பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் இருவருக்குமே அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது. அத்தை புது வீட்டுக்குக் குடிபோன நாள். அம்மா பழைய சட்டைகளைக் கிழித்துப் பின்னிய மிதியடி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "கடையில ஒண்ணு வாங்கக் கூடாதா? எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கிட்டியே" என்றாள் அத்தை. "அது ஒண்ணத்தான் அண்ணி கடைக்குப் போகாமலே வாங்க முடியுது" என்றாள் அம்மா. கூட்டமே சிரித்தது. அத்தை அப்புறம் ஒரு வருஷம் பேசவில்லை.

மகள் டப்பாவைப் பிடித்தாள். அத்தை விடவில்லை. உள்ளே பொத்தான்கள் இப்படியும் அப்படியும் உருண்டன.

பெட்டியின் தலைமாட்டில், காலையிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார்.

"அக்கா, விடு."

அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். அத்தை விட்டாள். அப்பா எழுந்து சமையலறைக்கு வந்தார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டைத் துண்டுகளில் நூல் சுற்ற ஆரம்பித்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கை. நூல் இரண்டு முறை அறுந்தது.

அம்மா வட்டத் துணிகளை வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். மகள் விரித்து எண்ணினாள். பதினொன்று. ஒவ்வொன்றும் வழக்கம்போல் விரற்கடை குறைச்சல்.

அது நாலைந்து வருஷச் சண்டை. அம்மா எந்த வட்டத்தையும் தன் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துத்தான் வரைவாள். டம்ளர் எதற்கும் பற்றாது. போதாக்குறைக்கு ஒரு பக்கம் நசுங்கியது. வட்டம் ஒரு ஓரத்தில் தட்டையாக வரும். இழுத்துக் கட்டினாலும் அந்த ஓரத்தில் பஞ்சு எட்டிப் பார்க்கும். "கிண்ணத்த வச்சு வரைம்மா, சரியா இருக்கும்" என்று மகள் அளந்தே காட்டியிருக்கிறாள். "போடி அளவுகோல். கிண்ணத்த யாரு கழுவறது? டம்ளர்னா தண்ணியக் குடிச்சிட்டு அப்படியே கவுக்கலாம்" என்பாள் அம்மா.

பன்னிரண்டாவதற்கு மகள் டம்ளரைத் தேடினாள். அலமாரியில் இல்லை. நேரம் ஒன்றைத் தாண்டிவிட்டது. கிண்ணத்தை வைத்து வரைந்து வெட்டினாள். மூடிமேல் போர்த்தி நூலால் கட்டினாள். சுருக்கமில்லை, பஞ்சு தெரியவில்லை. கடையில் வாங்கியது போலவே இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். வரிசையின் கடைசியில் வைத்தார்.

இரண்டு மணிக்கு இஸ்திரிப் பிரிவு வந்தது. வேலை உடுப்போடு, உள்ளே நுழையும்போதே கஞ்சி வாசனையோடு, பன்னிரண்டு பேர். முன்னால் மேற்பார்வைக்காரி, ஆளும் பெரிது, குரலும் பெரிது, அவளுக்குப் பெயர் 'நீராவி'. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அம்மாவின் உடையின் கழுத்துப் பட்டையை இரண்டு விரலால் நீவி நேராக்கினாள். மற்றவர்கள் அழுதார்கள். அவள் அழவில்லை.

மகள் தட்டில் பாட்டில்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அத்தை ஒரே எட்டில் குறுக்கே வந்தாள். "பைத்தியமா உனக்கு? எழவு வீட்டுல பரிசு குடுப்பாங்களா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்."

"என்ன சொன்ன?"

"சிரிக்கட்டும்னேன் அத்தை. அம்மா ஆரம்பிச்ச வேலை. முடிச்சிட்டுத்தான் அவங்கள வண்டியில ஏத்துவேன். தள்ளுங்க."

தட்டு லேசாக ஆடியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகரவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அத்தை தள்ளி நின்றாள், அரை அடிதான். மகள் தோளால் இடித்துக்கொண்டு போனாள்.

ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தி மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, "இந்த நீலப் பொத்தான் நம்ம மெஷின்ல விழுந்தது" என்றாள். இன்னொருத்தி துணி ஓரத்தில் துருத்திய பஞ்சை உள்ளே தள்ளினாள். அது மறுபடி வெளியே வந்தது.

"ஏ பத்து நிமிஷம், இந்த வருஷமும் துணி பத்தலையா?" என்றாள் நீராவி, பெட்டியைப் பார்த்து.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டது. பன்னிரண்டு பெண்களும் பெட்டியைச் சுற்றி நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்கள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தட்டில் கடைசியாக ஒன்று இருந்தது. நீராவி அதை எடுத்தாள். திருப்பினாள். மூடியைச் சுற்றிலும் விரலை ஓட்டினாள்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றாள் மகள். "துணி ஒண்ணு குறைஞ்சது."

"நல்லா இருக்கு." அவள் பாட்டிலைத் தட்டில் திரும்ப வைத்தாள். "எனக்கு இது வேணாம்மா. அவளோடது குடு."

மகள் பாட்டிலின் கட்டைப் பிரித்தாள். துணியை நீவிப் பெட்டியின் கால்மாட்டில் இருந்த முக்காலிமேல் விரித்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

டம்ளர் அத்தையின் கையில் இருந்தது. காலையிலிருந்தே அவள் அதில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அத்தை டம்ளரைப் பார்த்தாள்; நசுங்கிய பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மிச்சமிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். விளிம்பை உள்ளங்கையால் துடைத்தாள். முக்காலி அருகே வந்து, டம்ளரைத் துணிமேல் கவிழ்த்து, அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வரை" என்றாள்.