மூடிய கண்ணாடிக்குள் முந்நூறு கிலோமீட்டர்

புகையும் இசையும் ஓய்ந்து, பட்டுத்துணி விலகி, மேடையில் அந்தக் குட்டி மின்சாரக் கார் தெரிந்தபோது கைதட்டாத ஒரே ஆள், கம்பெனியே ஈர்க்குச்சி என்று கூப்பிடும் ஒல்லி ஊழியன்தான். அவன் கையில் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய தட்டு இருந்தது. இல்லாவிட்டாலும் தட்டியிருக்க மாட்டான்.

மேலாளர் வயிற்றின் சம்மதமில்லாமல் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டியிருந்தார். "சாமானியனோட கார் இது! ஒரே சார்ஜ்ல முந்நூறு கிலோமீட்டர். யாரோ சொன்னதில்ல, நானே ஓட்டிப் பார்த்தேன்" என்று நெஞ்சில் கைவைத்தார்.

அந்த முந்நூறை ஓட்டியவன் ஈர்க்குச்சி. கம்பெனியிலேயே எடை குறைந்தவன் யார் என்று தராசில் நிறுத்திப் பொறுக்கினார்கள். பெண் கொடுத்தவர்கள்கூட அவனை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. ஏசி கரண்ட் குடிக்கும், போடாதே. கண்ணாடியை இறக்கினால் காற்று பிடித்திழுக்கும், இறக்காதே. நாற்பதைத் தாண்டாதே. கோடை வெயிலில், மூடிய டப்பாவுக்குள் ஏழரை மணி நேரம். முந்நூறில் வண்டி நின்றது. அவனும் மயங்கி ஸ்டியரிங்கில் சாய்ந்தான். ஹாரன் அலற, பின்னால் வந்த காரிலிருந்து ஓடிவந்த மேலாளர் முதலில் மீட்டரைப் படமெடுத்தார், பிறகுதான் கதவைத் திறந்தார். "மயக்கம் போடுற டிரைவர் நமக்கு ஆகாது" என்று மறுவாரமே அவனைத் தண்ணீர் கொடுக்கும் வேலைக்குத் தள்ளினார். "போனாப் போகுது, விடுங்க" என்றாள் மனைவி. அவன் விடவில்லை. இந்தக் கோடைவரை ஒரு வருடம் அந்தக் கோபத்தை அடைகாத்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த டப்பாவின் சூடு இந்த ஆளின் உடம்பில் ஏற வேண்டும்.

முன்வரிசைப் பத்திரிகைக்காரியிடம் பாட்டிலை நீட்டியபடி குனிந்தான்.

"மேடம், சாரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அன்னைக்கு மாதிரியே ஏசி போடாம, கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு. கூச்சப்படுவாரு, விட்றாதீங்க."

அவள் எழுந்து அப்படியே கேட்டாள். மேலாளர் சிரித்தார். "அதுக்கு டிரைவர் இருக்காங்கம்மா."

"நீங்கதான ஓட்டினதா சொன்னீங்க?"

கூட்டம் கலகலத்தது. மேடையில் உட்கார்ந்திருந்த கம்பெனி முதலாளிக்கு வண்டி விற்க வேண்டும். அதற்காக எந்த மேலாளர் வியர்த்தாலும் அவருக்குச் சம்மதம். "அதுக்கென்ன, இப்பவே கெளம்புங்க. ஃபுல் சார்ஜ்லதான நிக்குது!" என்றார்.

மேலாளர் காருக்குள் ஏறியது, தலையணை உறைக்குள் மெத்தையைத் திணித்ததுபோல் இருந்தது. பக்கத்து இருக்கையில் ஈர்க்குச்சி.

"நீ எதுக்குடா?"

"மீட்டர் பார்க்க சார். முதலாளி ஏறச் சொன்னாரு. வண்டி நின்னா தள்ள ஆள் வேணுமில்ல?"

கேமராக்காரர்களின் கார் பின்தொடர்ந்தது. முதல் சிக்னலிலேயே மேலாளர் கோட்டைக் கழற்றினார். வைக்க இடமில்லாமல் ஈர்க்குச்சியின் மடியில் போட்டார். பத்தாவது கிலோமீட்டரில் டை போனது. இருபதாவதில் 'டா'வும் போய்விட்டது.

"தம்பி... கண்ணாடிய ஒரு விரல் அளவுக்கு எறக்கட்டுமா?"

"காத்து இழுக்கும் சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

ஈர்க்குச்சிக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சொந்தக் காசில் வாங்கிய வெந்நீர்க் குளியல்போல அது அவனுக்குச் சுகமாக இருந்தது. மேலாளரின் விரல் ஏசி பொத்தான்வரை நகர்ந்தது; பின்னால் வரும் கேமராவைக் கண்டு திரும்பிற்று. இன்னும் இருநூற்று எழுபத்தெட்டு கிலோமீட்டர் இருந்தது.

ஒரு பஸ் அவர்களைக் கடந்தது. ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை கண்ணை மூடி, முகத்தைக் கொடுத்து, வாய் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை மேலாளர் வாயைத் திறந்தபடியே ஓட்டினார்.