எடை போடுகிற நேரம்

குன்னூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் நடக்கும் அந்த மாலை வகுப்பில் பெயர் கூப்பிடுவது கதிரின் பொறுப்பு. பாடம் முடிந்து எல்லோரும் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு பையை மாட்டிய பிறகுதான் கூப்பிடுவான்.

"அஃப்ரீன்."

பதில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே, மஞ்சூருக்குப் போகும் கடைசி பஸ் பனியில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும் சத்தம்தான் கேட்டது. அவள் அதில்தான் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். சற்று முன்புவரை இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டதும் தெரியும். ஆனாலும் 'வரவில்லை' என்று குறித்தான். கூப்பிடும்போது இல்லாதவர் வராதவர். விதி அதுதான்.

பகலில் தேயிலை பேக்கிங் செய்யும் கிடங்கில் வேலை பார்ப்பவன் கதிர். பூட்டிய பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவன். அந்தக் கவனத்துக்காகத்தான் உஷா மேடம் இந்த வேலையை அவனிடம் கொடுத்திருந்தார். தான் சரியாகச் செய்கிறோமா என்ற சந்தேகம் அவனை எப்போதும் அரித்துக்கொண்டிருக்கும். விதியைப் பிடித்துக்கொண்டால் மட்டும் அந்த அரிப்பு கொஞ்சம் அடங்கும்.

மகளிர் தினக் கருத்தரங்குக்காக, மலைத்தோட்டங்களில் பெண்கள் உரிமை கேட்ட வரலாற்றைத் திரட்டும் வேலையை மேடம் மூன்று பேரிடம் ஒப்படைத்திருந்தார். மஞ்சூர்ப் பக்கத்துத் தொழிலாளிப் பெண்களைப் பார்த்துப் பேசி, பேச்சை போனில் பதிவு செய்து வருவது அஃப்ரீன். அதைக் கேட்டுக் கட்டுரையாக எழுதுவது கதிர். மேடையில் பேசுவது, குரல் நன்றாக இருக்கிறதென்று, ஹரிஹரசுதன்.

அந்தச் சனிக்கிழமை இடைவேளையில் அஃப்ரீன் கதிரிடம் வந்தாள்.

"அண்ணா, எனக்கு அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜாம். ஹால் டிக்கெட் வராதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அத்தா கேக்கறாரு, பரீட்சையே எழுத முடியாதுன்னா எதுக்கு இந்தக் குளிர்ல போய்ட்டு வர்றேன்னு. நின்னுக்கோங்கறாரு."

"நீ கடைசி வரைக்கும் இருக்கணும்ல?"

"இருந்தா பஸ் போயிரும். வேற வண்டி ஏதுங்கண்ணா? நீங்க இப்படி இடைவேளையில பேர் கூப்பிட்டா எனக்கும் வந்துரும்ல?"

கதிர் யோசிக்கத்தான் செய்தான். ஆனால் பதில் ஏற்கெனவே வாயில் இருந்தது.

"உனக்குன்னு மாத்துனா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான் அஃப்ரீன். பொண்ணுங்கன்னு சலுகை கொடுக்க ஆரம்பிச்சா முடிவே இருக்காது."

அவள், "ராஜி அக்கா பேசினதை அனுப்பியிருக்கேன். கேட்டு எழுதிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடுமுறை. காலை வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து கதிர் அந்தப் பதிவைக் கேட்டான். ஒரு வாக்கியம் கேட்பான், நிறுத்துவான், எழுதுவான். ராஜி இன்னும் தோட்ட வேலைக்குப் போகிறவர். குரலில் மூச்சுவாங்கல் இல்லை, சிரிப்பு இருந்தது.

"நான் வேலைக்குச் சேந்த புதுசுலங்க, இலையைப் பறிச்சு மூட்டை கட்டிட்டு எடைக்குக் காத்துக் கெடக்கணும். ஆம்பளைங்க செடி வெட்டற கவாத்து வேலை முடிச்சு மத்தியானமே ஊட்டுக்குப் போயிருவாங்க. எடை போடறவரு சோறு உண்டு, ஒரு தூக்கம் போட்டு, மெதுவா வருவாரு. அதுக்குள்ள இருட்டிரும். வழியில காட்டெருமை நிக்கும். ஒருநா எங்க கூட்டாளி ஒருத்தியத் தூக்கிப் போட்டுருச்சு. காலு போச்சுங்க."

"அப்புறம் என்னக்கா செஞ்சீங்க?" அஃப்ரீனின் குரல்.

"எடையை வெளிச்சத்துல போடுங்கன்னு கேட்டோம். எடை நேரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், பொம்பளைங்களுக்குன்னு சலுகை கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. நாங்க ஒண்ணும் கத்தலை. இலை மூட்டை மேல ஏறி உக்காந்துக்கிட்டோம். லாரி நிக்குது, இலை சூடேறி வீணாகுது, ஒருத்தியும் எந்திரிக்கலை."

"பயமா இல்லியா?"

"பயம்தானுங்க. அதான் ஒட்டி ஒட்டி உக்காந்தோம். அன்னிக்கிருந்து எடை வெளிச்சத்துலதான்."

கதிர் நிறுத்தினான். பின்னால் தள்ளி மறுபடி கேட்டான். 'எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.' 'சலுகை.' எழுதத்தான் தொடங்கினான். பாதியில் பேனாவை மூடினான். நேற்று அவன் சொன்ன சொற்கள், சொல் மாறாமல்.

அப்போதுதான் போன வருடம் நினைவுக்கு வந்தது. முதலில் பெயர் கூப்பிட்டது வகுப்பு தொடங்கும்போது. வேலை முடிந்து ஓடிவரும் ஆண்களுக்கு அது தவறிக்கொண்டே இருந்தது. கதிரும் ஹரியும்தான் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேடத்திடம் போனார்கள். அவர் கேட்டவுடன் கடைசிக்கு மாற்றினார். அதை அன்று யாரும் சலுகை என்று சொல்லவில்லை. அவனும்தான்.

திங்கள் மாலை, வகுப்பில் ஹரி மேடைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "பெண்மையின் பொறுமையே இம்மலையின் பெருமை" என்று கையை உயர்த்தினான்.

"அதை விடு ஹரி" என்று கதிர் எழுந்தான். "மேடம், நாளையிலிருந்து இடைவேளையில பேர் கூப்பிடலாமுங்களா? லேட்டா வர்றவங்களும் வந்திருப்பாங்க, மஞ்சூர் பஸ்ஸும் போயிருக்காது."

"பாருடா, போராளி கிளம்பிட்டாரு" என்றான் ஹரி. வகுப்பு சிரித்தது. "ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்தணுமா?"

"நம்ம நாலு பேருக்காக மாத்தலியா? நீ வொர்க்‌ஷாப்ல இருந்து கிரீஸ் கையோட ஓடி வருவியே, மறந்துருச்சா?"

ஹரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

உஷா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நாளையிலிருந்து மாத்திக்கலாம். போன நாளுக்கெல்லாம் என்ன செய்யறது கதிர்?"

"அவ உக்காந்திருந்ததைப் பாத்துட்டேதான் வரலைன்னு போட்டேன் மேடம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இந்த வேலையை வேற யாருகிட்டயாவது குடுக்கறதுன்னாலும் சரிங்க." அவனுக்கு இதுவும் சரியா என்ற சந்தேகம் போகவில்லை. இருந்தாலும் உட்காரவில்லை.

இரண்டாவது பெஞ்சில் அஃப்ரீன் தலை குனிந்திருந்தாள். பக்கத்தில் இருந்த கீர்த்தனா சொன்னாள்: "நானும் பாத்தேன் மேடம். நானும் கையெழுத்துப் போடறேன்." அதன்பின் ஒவ்வொரு பெஞ்சாக எழுந்தது. கடைசியாக ஹரி, "என் பேரையும் எழுதிக்கடா. ஆனா அந்தப் பெண்மை வரி நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

எல்லோரும் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு ஆபீஸ் ஹால் டிக்கெட் கொடுத்தது. கருத்தரங்கில் ஹரி பேசவில்லை. தேடிப் போய்க் கேட்டு வந்தவளே பேசட்டும் என்று அவனே விலகிக்கொண்டான். அஃப்ரீன் ராஜி அக்காவின் கதையைச் சொன்னாள், தன் கதையையும் சொன்னாள். முன்வரிசையில், படிப்பை நிறுத்தச் சொன்ன அவள் தந்தை குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள் தாளை மடித்துவிட்டு, எழுதாததைப் பேசினாள்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அது யாரோட வசதிக்காக வச்ச விதின்னு ஒரு தடவை கேளுங்க. ஆம்பளைங்களுக்கு வசதின்னு வர்றது, நாங்க கேட்டா மட்டும் சலுகைன்னு ஆயிருது. நாங்க கேக்கறது சலுகை இல்லீங்க. எங்களையும் கணக்குல வச்சு விதி எழுதுங்கன்னுதான் கேக்கறோம். அதுக்குப் பேருதான் சம உரிமை."