நாதியில்லாதவனின் அக்கா

புத்தகம் வந்துவிட்டது! லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அச்சகத்துக்காரர் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை நீட்டினார். என் கையெல்லாம் கிரீஸ். சட்டையில் துடைக்கலாமென்றால் சட்டை அதைவிட மோசம். பக்கத்து சலூன்காரரின் தோளிலிருந்து துண்டைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அட்டையில் என் பெயர்! டயர் கடையில் பதினோரு வருஷமாக "டேய் பஞ்சர்" என்றே கேட்டுப் பழகிய எனக்கு அது யாரோ பெரிய மனுஷனின் பெயர்போல இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு நூலக மாடியில் வெளியீடு. முதல் பிரதியை அக்காதான் வாங்க வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். ஆனால் அதுவரை பொறுக்க யாரால் முடியும்? முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு சைக்கிளை மிதித்தேன்.

அங்கே எந்திரங்கள் போடும் இரைச்சலில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. அக்கா ஈரப் போர்வைகளை உள்ளே தள்ளி மூடிவிட்டு, நின்றபடியே புத்தகத்தைத் திறந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதல் கவிதைகளுக்கு லேசாகச் சிரித்தாள். மருந்துக் கடையில் இருந்தவள் என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொண்ட கதை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

மூன்று நாள் காய்ச்சல்.
நான் சுவரைப் பார்க்கிறேன்,
சுவர் என்னைப் பார்க்கிறது.
கதவைத் தட்ட
ஒரு நாதியில்லை.

"இது எந்தக் காய்ச்சல்டா?"

"அவ கல்யாணம் முடிஞ்சதும் வந்துச்சே, அதுதான்."

"அந்த மூணு நாளும் உனக்கு சாப்பாடு ஊட்டினது யாரு? சுவரா?"

போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, கவிதைன்னா உள்ளுக்குள்ள தோணறத..."

"அப்ப நான் யாருடா? நாதியில சேத்தி இல்லயா? வேலைய முடிச்சிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தேன். நீ எடுத்த வாந்திய அள்ளினேன். தொரை சுவரப் பாத்துக்கிட்டிருந்தீங்களா?"

"சாயங்காலம் வருவேல்ல?"

"வரமாட்டேன். சுவரக் கூட்டிட்டுப் போ."

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கவிதையில் வருகைப் பதிவேடா வைக்க முடியும்? வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். பாதி வழியில் மிதிப்பதை நிறுத்தினேன். அவள் வராவிட்டால் முதல் பிரதியை யாரிடம் கொடுப்பது? ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கும் அந்த ஒருத்தியை விட்டால் எனக்கென்று யாரும் கிடையாது. இதை எழுத மட்டும் எனக்கு வரவில்லை.

மாலையில் முப்பது பேர் வந்திருந்தார்கள். முதலாளிகூட புதுச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நூலகர் என்னைப் படிக்கச் சொன்னார். வீம்புக்கென்றே பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். சுவர் என்னைப் பார்க்கும் வரிக்கு வந்து நிமிர்ந்தால், வாசலில் அக்கா! வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கில் கத்தியேவிட்டேன்.

"அடுத்த வரி பொய்ங்க! எங்கக்கா வந்தாங்க. மூணு நாளும் வந்தாங்க!"

"பொய் இல்ல, படி," என்றாள் அக்கா, சலவைக்கூடத்துக் குரலில். "நான் எப்படா தட்டினேன்? எங்கிட்டதான் உன் ரூம் சாவி இருக்கே."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முதலாளி கைதட்டினார். அக்கா நேராக என்னிடம் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"மத்தியானம் முழுக்க இதுதான் மனசுல ஓடுச்சு. என் வீட்ல தனியாக் கெடந்து நான் நினைச்சதையெல்லாம் நீ எழுதிட்டேடா. அதான் கோவம்."

பிறகு அவளே படித்தாள், காய்ச்சலிலிருந்து கடைசி வரி வரைக்கும். சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். நாதியில்லை என்ற இடத்தில் அவள் குரல் இறங்கிப்போனது. என்னை அவள் பார்க்கவில்லை.

அவளுக்கும்தான் காய்ச்சல் வந்திருக்கும். அவள் வீட்டுக் கதவை நான் என்றைக்காவது தட்டியிருக்கிறேனா? பக்கத்தில் நின்றபடி ஒவ்வொரு வருஷமாகப் பின்னோக்கி யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.