இரண்டாவது சமன்பாடு

இளவழகன் எழுந்தான். பல் துலக்கினான். இரண்டு பேருக்கு அரிசி களைந்து குக்கரில் வைத்தான். பைக்கைத் துடைத்தான். மந்தாரக்குப்பத்தில் டீ குடித்தான். வடக்குத்து கிராமத்தில் பட்டறைப் பூட்டைத் திறந்தான். மனைவி எழில்மதி செத்த பிறகு இன்றுதான் திறக்கிறான்.

அனல் மின் நிலையச் சாம்பலில் கல் அடிக்கும் சிறு பட்டறை. புருஷனும் பெண்டாட்டியுமாக ஆரம்பித்தது. கூலிக்கு மாரியம்மாள் மட்டும்.

"இன்னா கல்லு தம்பி, இன்னிக்கு?" என்றாள் மாரியம்மாள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே.

அவன் கணிதம் படித்தவன். தினமும் தகரச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுத்தான் வேலை தொடங்குவான். ஒரு லோடு சின்னக் கல்லுக்கு மிஷின் ஒரு மணி நேரம், ஆள் வேலை இரண்டு. ஹாலோ பிளாக் என்றால் மிஷின் இரண்டு, ஆள் ஒன்று. அவன் ஓட்டும் மிஷினுக்கு ஒரு நாளில் பத்து மணி நேரம். ஆள் வேலை பதினொன்று: எழில் ஆறு, மாரியம்மாள் ஐந்து. எதுவும் சும்மா நிற்கக் கூடாது. எழில் செத்த அன்று போட்டது அழியாமல் இருந்தது.

x + 2y = 10
2x + y = 11

கல் நாலு லோடு, பிளாக் மூன்று.

பதினொன்றைத் துடைத்துவிட்டு ஐந்து என்று எழுதினான். முதல் வரியை இரண்டால் பெருக்கி, இரண்டாவதைக் கழித்தான். y ஐந்து. x பூஜ்யம். பிளாக் மட்டும் அடித்தால் போதும்.

கான்ட்ராக்டர் அன்புச்செல்வனுக்குப் போன் போட்டான்.

"பிளாக்கே எறக்குப்பா. கல்ல அடுத்த வாரம் குடு. செவுரு எங்க ஓடிடப்போவுது? இதுக்கு ஒரு போனா?"

அன்று காலையும் இந்தப் போன் சட்டைப்பையில்தான் இருந்தது.

அது மறுபடி அடித்தது. காடாம்புலியூரிலிருந்து மாமியார் ஜானகியம்மாள். சாப்பிட்டானா என்று கேட்டாள். பிறகு தினமும் கேட்பதையே கேட்டாள்.

"கடைசியா எம் பொண்ணு இன்னா சொன்னா, மாப்ள?"

'உங்களத்தான் கேட்டா' என்று இத்தனை நாளும் சொல்லிவந்தான். இன்று அது வாயில் வரவில்லை.

"தோளு வலிச்சிகினே இருக்குது, ஆஸ்பத்திரி போயிட்டு வரேன்னா அத்தை. நீ இல்லாம கணக்கு வராதுன்னேன்."

"அப்புறம்?"

"மிஷினப் போட்டுட்டேன்."

மிஷின் ஓடினால் அங்கே பேச்சு கேட்காது, கைஜாடைதான். அன்று மத்தியானம் அவன் ஜாடை காட்டியபோது எழில் திரும்பவில்லை. கல் அடுக்கின்மேல் சாய்ந்து கிடந்தாள்.

ஜானகியம்மாள் அழவில்லை. "மிஷினு போடறதுக்கு மின்ன எதுனா சொன்னாளா?"

மாரியம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"'என்ன உட்டுட்டு ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?'"