மாட்டுத் தொட்டியில் விழுந்த விதை

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியமாகக் கிடைத்தது. ஆடி மாதம், உடுப்பி பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றபோது பக்கத்து வீட்டுச் சீனப்ப ஷெட்டி குடையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"கேட்டீங்களா மாஷ்டரே? எங்க வீட்டுக்காரி கடைசி வெள்ளரிக்காயை நறுக்கிட்டு விதையைப் பூரா மாட்டுத் தொட்டியில போட்டுட்டா! நாப்பது வருஷமா விதை எடுத்த கை!"

சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். இப்போது அடுத்த ஆடி. [இடையில் என்ன செய்தாய் என்று கேட்கலாம். சும்மா இருந்தேன். எனக்கு நன்றாக வருவது அதுதான்.]

2

முதல் தொடக்கம்: "ஜலஜாக்ஷி தன் ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு தவறு செய்தாள்." அடித்துவிட்டேன். அது தவறுதான் என்று எனக்கு யார் சொன்னது?

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்தது." துளு நாட்டில் ஆடி மாதத்தில் இதை ஒரு செய்தியாகச் சொல்பவனை யாரும் மதிக்கமாட்டார்கள்.

மூன்றாவது: "அக்காவும் தங்கையுமாக இருநூறு குழிக்குத் தண்ணீர் ஊற்றிய அந்த வயலில் இப்போது"

இதை முடிக்கத் தெரியவில்லை. அடிக்கவும் மனம் வரவில்லை. ஆகவே அங்கிருந்தே போகிறேன்.

3

அக்கா குலாபி. தங்கை ஜலஜாக்ஷி, சீனப்பரின் மனைவி. மூன்று வயது வித்தியாசம். தாய் வழியில் வீடும் நிலமும் இறங்கிவரும் குடும்பம் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. கணவன்மார்தான் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள்.

தை அறுப்பு முடிந்து வயல் வெடிப்பதற்குள் வெள்ளரிக்குக் குழி எடுத்துவிடுவார்கள். ஆளுக்கு நூறு. வயலின் மூலையில் தோண்டிய ஊற்றிலிருந்து குடத்தில் மொண்டு காலையும் மாலையும் ஊற்றவேண்டும். குலாபி இரண்டு இடுப்பிலும் இரண்டு குடம் வைத்து நடப்பாள். ஜலஜாக்ஷி ஒரு குடத்தோடு ஓடுவாள்.

"நீ ஊத்தறதைவிடச் சிந்தறது அதிகம்டி."

"சிந்தினாலும் நம்ம வயல்லதானே அக்கா சிந்துது."

கொடி ஓடும்போது இலையில் சாம்பல் தூவுவார்கள். விடியலில், பனி ஈரம் காய்வதற்கு முன்னால். இருவரும் சாம்பல் படிந்த முகத்தோடு திரும்பி வருவதைப் பார்த்து மாட்டுக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்களாம். சித்திரையில் காய் மஞ்சளாகிவிடும். ஒவ்வொன்றையும் வாழைநாரில் சுருக்கிட்டு உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். ஒரு வருஷம் நூற்றிருபது காய் தொங்கியது. உயரமான விருந்தாளிகள் அந்த வருஷம் குனிந்துதான் சாப்பிட வந்தார்கள்.

முதல் மழைக்கு மேடு கட்டி வெண்டை, பீர்க்கு, புடலை. அவை காய்க்கும்வரை, வெளியே தலைநீட்ட முடியாத அந்த இரண்டரை மாதமும், உத்தரத்து வெள்ளரிதான் குழம்பு, கூட்டு, பச்சடி எல்லாம். ஆவணியில் கண்ணன் பிறப்புக்கு முதல் வெண்டை. மழை தளர்ந்ததும் கத்தரி, மிளகாய், தண்டங்கீரை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் வருஷம் முழுக்கப் பசலைப் பந்தல். கடையில் வாங்கியது வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் என்று ஜலஜாக்ஷி இன்றைக்கும் சொல்வாள். சொல்லும்போது "நாங்க" என்பாள். அந்த "நாங்க" யார் யார் என்று நான் கேட்டதில்லை.

* விதையைப் பற்றி ஒரு குறிப்பு. எல்லாக் காயிலும் விதை உண்டு, எல்லாம் விதையாகாது. ஒவ்வொன்றாக நறுக்க நறுக்க, அழுகாமல் கடைசிவரை தொங்கும் காய் எதுவோ அதன் விதையைத்தான் எடுப்பார்கள். மழையின் ஈரத்தைத் தாங்கியது அது ஒன்றுதானே. காய்க்குள் இருக்கும் சோற்றை வழித்து, விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, வைக்கோலில் முடிந்து அடுப்புக்கு மேலே கட்டிவிட்டால் தை வரைக்கும் கவலையில்லை.

4

ஏழு வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்தார்கள். வீடு தங்கைக்கு. கிணறும் தென்னையும் அக்காவுக்கு. குலாபி பாக்குத் தோட்டத்துக்கு அப்பால் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனாள். அப்போது அவள் கணவர் உயிரோடு இல்லை, மகன் பம்பாயில்.

பாகத்தில் சண்டை வரவில்லை. எழுதி முடித்த பிறகுதான் வந்தது. காய்கறிக்குத் தண்ணீர் எப்படி என்று பெரியவர்கள் கேட்டார்கள். குலாபி சொன்னாள்:

"எடுத்துக்கட்டும், நான் வேண்டாங்கலை. ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கட்டும்."

அவ்வளவுதான். அதில் என்ன குற்றம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் முப்பது வருஷம் ஒரே ஊற்றிலும் ஒரே கிணற்றிலும் குடம் மாற்றிக்கொண்டவளுக்கு "கேட்டுட்டு" என்பது எப்படிக் கேட்டிருக்கும்?

"கேட்டு எடுக்கிற தண்ணியில என் கீரை முளைக்காது" என்றாள் ஜலஜாக்ஷி. அந்தக் கோடையிலேயே தன் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கல்யாண வீடுகளில் ஒருத்தி முதல் பந்தி, ஒருத்தி கடைசிப் பந்தி.

சென்ற வருஷம் ஆடி பிறந்தபோது ஊரில் ஒரு செய்தி வந்தது. குலாபி ஆவணி கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பம்பாய்க்கு மகனிடம் போகிறாள். திரும்புவதாக இல்லை.

[இந்த இடத்தில் ஜலஜாக்ஷி அழுததாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எடுத்துவிட்டேன்.]

5

செய்தி வந்த நாலாம் நாள். பகல் பதினொரு மணி. உத்தரத்தில் ஒரே ஒரு காய்.

ஜலஜாக்ஷி அதைக் கழற்றினாள். அரிவாள்மணையில் இரண்டாகப் பிளந்தாள். சோற்றோடு விதையை வழித்தாள். கொட்டகைக்குப் போனாள். தொட்டியில் போட்டாள். சீனப்பர் அங்கே பால் பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

"ஏய், ஏய்! என்ன பண்றே? விதை!"

"எது?"

"எதுவா? இப்பப் போட்டியே, அது!"

"ஐயோ" என்றாள்.

[இந்த "ஐயோ"வில்தான் என் ஒரு வருஷம் போயிற்று. பதறிய ஐயோவாக எழுதினேன், ஒட்டவில்லை. துக்கமாக எழுதினேன், ஒட்டவில்லை. கடைசியில் சீனப்பரையே சொல்லிக்காட்டச் சொன்னேன். "மெதுவாத்தான் சொன்னா மாஷ்டரே. கொடியில துணி கிடக்கு, தூறல் விழுந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி."]

"கையை விட்டு எடுடி, சீக்கிரம்!"

"மாடு தின்னுட்டிருக்கே."

"பின்னே, உனக்காக விரதம் இருக்குமா? தள்ளு, நான் எடுக்கறேன்!"

அவர் கைவிட்டபோது கஞ்சித் தண்ணீர்தான் இருந்தது.

"தையில எதைப் போடப்போறே?"

"கேட்டு வாங்கணும்."

"யார்கிட்ட?"

அவள் அரிவாள்மணையைக் கழுவப் போய்விட்டாள்.

6

இதுவரை மறைத்ததை இனி மறைப்பது நியாயமில்லை. அந்த வெள்ளரியின் விதை என் வீட்டிலேயே இருந்தது. அதற்கு முந்தைய தையில் ஜலஜாக்ஷியே என் மனைவிக்குக் கொடுத்தது. எங்கள் கொல்லையிலும் காய்த்தது. நாங்களும் விதை எடுத்து வைத்திருந்தோம். நாற்பது அடி நடந்து அதை நீட்டியிருந்தால் அவள் கவலை தீர்ந்திருக்கும். கதையும் தீர்ந்திருக்கும்.

மூன்று நாள் நான் நடக்கவில்லை.

"எழுதறதுக்காக ஒருத்தியைத் தவிக்க விடுவீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். விதை முடிச்சை எடுத்துக்கொண்டு தானே போனாள்.

"உங்க விதைதான் அக்கா. நீங்க குடுத்ததோட வாரிசு."

ஜலஜாக்ஷி அதைத் தொடவில்லையாம். "அது உங்க மண்ணுக்குப் பழகியிருக்கும். நீங்களே வெச்சுக்கோங்க."

"வேலிக்கு அந்தப் பக்கம் வேற மண்ணா அக்கா?"

சிரித்தாளாம். ஒரு கட்டுப் பசலையை ஒடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

என் மனைவி பசலையை மேஜைமேல், என் காகிதங்களின்மேல், வைத்தாள். "அவங்களுக்கு வேணுங்கிறது விதை இல்லை. நீங்க எழுதுங்க" என்றாள்.

அதன் பிறகுதான் முதல் தொடக்கத்தை ஏன் அடித்தேன் என்று எனக்கே விளங்கியது. ஆறு வருஷம் பேசாத வாசலுக்குச் சும்மா போய் நிற்க முடியாது. ஊர் கேட்கும், அதைவிட அவள் மனமே கேட்கும். ஆனால் விதை கேட்டுப் போகலாம். இந்தப் பக்கத்தில் விதை கேட்டு வந்தவளை எந்த வீட்டிலும் திருப்பி அனுப்புவதில்லை. வழக்கு நடக்கும் வீட்டில்கூட. வேறு எதையும் இல்லையென்று சொல்லலாம், விதையைச் சொல்லக்கூடாது. பாகம் பிரிக்குமுன் எடுத்த அதே விதைதான் குலாபி வீட்டிலும் வருஷாவருஷம் முளைத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் வேண்டுமென்றே போட்டாளா? பாதிக் கை தெரிந்து போட்டது, பாதிக் கை தெரியாமல் போட்டது என்று எழுதிவைத்திருக்கிறேன். அதற்குமேல் என்னால் அவளுக்குள் போக முடியவில்லை.

7

இன்னொரு வழக்கமும் உண்டு. விதை கேட்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக்கூடாது. பதிலுக்கு வேறொரு விதை கொண்டுபோகவேண்டும்.

பம்பாயில் நாலாவது மாடிக்குப் போகிறவளுக்கு எந்த விதையைக் கொண்டுபோவது?

இரண்டு நாள் அவள் முடிச்சுகளை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். சீனப்பரால் பொறுக்க முடியவில்லை.

"வீட்டைப் பூட்டறவ கையில விதையைக் குடுத்தா, நக்கல் பண்றேன்னு நினைப்பா உங்க அக்கா."

"வெறுங்கையோட போனா பிச்சைன்னு நினைப்பா."

"அப்போ கீரை விதை கொண்டுபோ. ஒரு தொட்டி மண்ணுல இருபது நாள்ல வந்துடும்."

ஜலஜாக்ஷி கத்தரி விதையை எடுத்தாள். ஒரு காகிதத்தில் மடித்தாள்.

சீனப்பர் விரல்விட்டு எண்ணினார். "இப்ப நாத்து விட்டு, புரட்டாசியில பிடுங்கி நட்டு... கார்த்திகை ஆகுமே காய்க்க. அவ ஆவணியிலேயே போயிடறாளே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீங்க குடையை எடுங்க."

இந்த உரையாடலில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமில்லை.

8

பாக்குத் தோட்டத்தின் ஓரத்தோடு சீனப்பரை நிற்கச் சொல்லிவிட்டாள். குடையும் அவரிடமே இருந்துவிட்டது. அவள் தனியாக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அக்காவின் முற்றத்துக்குப் போனாள். கூப்பிடவில்லை. படிக்குக் கீழே நின்றாள்.

குலாபி வெளியே வந்தாள். பார்த்தாள். தங்கை கேட்டாள், உதடு அசைந்ததைச் சீனப்பர் பார்த்தார். குலாபி ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். மழைச் சத்தத்தில் சீனப்பருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அதுக்குமேல அங்க நிக்கறது எனக்குச் சரியாப் படலை மாஷ்டரே" என்றார். திரும்பி நடந்துவிட்டார்.

ஆக, அந்த ஒரு வாக்கியம் என் பொறுப்பு.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" இது எந்த அக்காவும் சொல்வது. குலாபி அவ்வளவு சுலபமானவள் இல்லை.

"கேக்க மாட்டேன்னியே?" இதை எழுதியதும் என் கை நின்றது. அடித்தேன். உண்மையில்லை என்று அடித்தேனா, உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் அடித்தேனா என்று தெரியவில்லை. அடித்த கோட்டுக்குக் கீழே அது இன்னும் தெரிகிறது.

"நனைஞ்சுகிட்டு நிக்காதே, விதை கெட்டுடும்." இது நிற்கட்டும்.

9

[முடிவு, முதல் வரைவு: குலாபி வைக்கோல் முடிச்சோடு வந்து, படியிலேயே கொடுத்து, கதவைச் சாத்துகிறாள். வழக்கம் காப்பாற்றப்பட்டது. வேறு எதுவும் காப்பாற்றப்படவில்லை.]

[இரண்டாம் வரைவு: ஒரு துண்டோடு வருகிறாள். "தலையைத் துவட்டுடி" என்கிறாள். பிறகு அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, கத்தரி என்று கண்டு, மாதங்களை எண்ணி]

இதை நான் விரும்பினேன். அதனாலேயே நிறுத்திவிட்டேன்.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஊருக்கே தெரியும். பாக்குத் தோட்டத்தைத் தாண்டிப் போனால் பூட்டு தொங்குகிறதா, பாத்தி கட்டியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை எழுதினால் அது அவர்கள் இருவரையும் பற்றிய ஒரு தகவலாகிவிடும். அந்த முற்றத்தில் நின்ற அவ்வளவு நேரம் ஜலஜாக்ஷிக்கு எந்தத் தகவலும் தெரியாது. அவள் அறியாததை நான் உங்களுக்கு அறிவிப்பது சரியில்லை.

குலாபி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். ஏதோ ஒரு பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. பம்பாய்க்கென்று கயிறு கட்டி வைத்ததா, வேறா, தெரியாது. அவள் கையில் எதைக் கொடுத்து வெளியே அனுப்புவது என்பதை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் இதுபோல் ஒரு வாசல் இருந்தால் அதை நினைத்துச் சொல்லுங்கள்.

ஆனால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். மழை விடவில்லை, ஜலஜாக்ஷியின் கையிலிருக்கும் விதைப் பொட்டலம் வெறும் காகிதம்.