சபை விடுவிக்காத போதகர்

ரெஹோபோத் சபையின் போதகர் எலியாசர் பிரைஸ் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பிரசங்கம் செய்ய வந்தார். வேல்ஸ் மலையில் கற்பலகைச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊரில் இதை யாரும் முறைகேடு என்று சொல்லவில்லை. எங்கள் சபைக்கு மேலே பிஷப் கிடையாது. போதகரை அழைப்பதானாலும் விடுவிப்பதானாலும் சபையார் கூடிக் கை தூக்க வேண்டும், ஒரு கைகூடக் குறையாமல். எலியாசரை யாரும் விடுவிக்கவில்லை. கேட்காமல் கூப்பிட்டது சாவின் தப்பு. சவப்பெட்டியைத் தச்சர் உருளைக்கிழங்கு போட்டுவைக்க எடுத்துக்கொண்டார்.

விடுவிக்க மனமும் வரவில்லை. எபிரேயத்தில் கரைகண்டவர் அவர். வருஷக்கணக்காக பைபிளின் யோபு புத்தகத்தை வாரத்துக்கு ஒரு வசனமாக விளக்கிக்கொண்டிருந்தார். நல்லவனுக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்ற கேள்விக்குக் கடவுள் வாய் திறக்கும் இடத்தில்தான் செத்துப்போனார். சுரங்கத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர், பதில் தெரியாமல் எப்படி அனுப்பும்? இரண்டு மகன்களை இழந்த மூப்பர் ஷாத்ராக், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்தவராயிற்றே என்று நாசூக்காக விசாரித்தார்.

"எபிரேய மூலத்தைப் பாக்காம நான் எதையும் சொல்றதில்ல, மூப்பரே," என்றார் செத்தவர்.

வருஷங்கள் ஓடின. அவர் கை பட்டால் தேநீர் உறைந்துவிடும். மனைவி லோரி அதை உடைத்துத் திரும்பச் சூடாக்குவாள். எலியாசர் யோபுவின் கடைசி வசனத்தில் வந்து நின்றுவிட்டார்: யோபு பூரண வயதுள்ளவனாய் மரித்தான். இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்று வாராவாரம் தள்ளிப்போட்டார். பிரசங்க மேடைப் படியில் அவர் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறுவதை லோரி பார்த்தாள். மனுஷன் களைத்துவிட்டார், பாவம்.

சபைக் கூட்டத்தில் அவளே எழுந்தாள். "அவர் வாய்விட்டுக் கேக்க மாட்டார், நான் கேக்கறேன். எங்க வீட்டுக்காரரை விட்டுடுங்க. பதில் இருந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பார்."

முதலில் ஷாத்ராக் கை தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஒரு கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"லோரியம்மா, கேட்டதே நீங்கதானே," என்றார் ஷாத்ராக்.

"தூக்கத்தான் பாக்கறேன், மூப்பரே. வர மாட்டேங்குது."

எலியாசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இறங்கி வந்து அவள் சால்வையை எடுத்துக் கொடுத்தார். இருவரும் மழையில் வீட்டுக்கு நடந்தார்கள். அடுத்த ஞாயிறு அவர் யோபு முதல் அதிகாரம், முதல் வசனம் என்றார். சபையார் பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பினார்கள்.