அவள் எழுதின வரி

இன்னும் ஒரு புத்தகம்கூடப் போடாதவர்களுக்காக ஒரு பதிப்பகம் நடத்திய சிறுகதைப் போட்டி அது. ஜெயிப்பவருக்குப் புத்தகம் போட்டுத் தருவார்கள். வருடக்கணக்காக எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிற நான் கதை அனுப்பியதில் அர்த்தம் இருக்கிறது. என் நாத்தனார் எதற்கு அனுப்பினாள்? "சும்மா எழுதிப் பாத்தேன் அண்ணி" என்றாள். சும்மாவாம்!

கடைசிச் சுற்றுக்கு ஆறு பேர் தேறினோம். அதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர். என் வீட்டுக்காரர் யாரைப் பாராட்டுவது என்று தெரியாமல் இளித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம். கடைசிச் சுற்றில் இரண்டிரண்டு பேராக ஒருவர் கதையை மற்றவர் திருத்தித் தரவேண்டும், பிறகுதான் நடுவர்கள் படிப்பார்கள். ஒரே வீடாயிற்றே என்று எங்களையே ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

அவள் கதையை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். முதல் பக்கத்திலேயே வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அத்தனை நன்றாக இருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் தொய்வு. எதை வெட்டினால் சரியாகும் என்றுகூட எனக்குத் தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு, கை வைக்க ஒண்ணுமில்ல" என்று திருப்பிக் கொடுத்தேன். பின்னே, என் புத்தகத்தை நானே அவளுக்குத் தூக்கிக் கொடுக்கவா?

அவளோ சாப்பிடும்போதும் என் கதையை வைத்துக் குடைந்துகொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கதையும் அந்த அறையில்தான். ஒருத்தி தன் கணவனுக்கே படம் எடுக்கிறாள், நெஞ்சில் கட்டி தெரிகிறது. அதோடு முடித்திருந்தேன். அதன் கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: 'மூச்சைப் பிடிக்கச் சொன்னவள், விடச் சொல்ல மறந்துபோனாள்.'

"பிடிக்கலேன்னா அழிச்சிடுங்க அண்ணி."

அழிக்க மனசு வந்தால்தானே. மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று நாள் பூராவும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

பரிசு எனக்குத்தான் கிடைத்தது. "இந்த ஒரு வரிக்காகவே" என்று நடுவரம்மா மேடையில் அதைத்தான் வாசித்தார். "எப்படிம்மா தோணுச்சு?" என்று மைக்கை நீட்டினார்.

"வேலை பாக்குற இடத்துல தானா வந்துச்சுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு முன்வரிசையைப் பார்த்தேன். அவள் முகம் கொஞ்சமாவது சுண்டட்டும், ஒரு முறைப்பாவது முறைக்கட்டும் என்று தவித்தேன். அவள் தன் அண்ணனை முழங்கையால் இடித்து, இன்னும் பலமாகத் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அடுத்த கதையையும் என்கிட்ட காட்டுவீங்கல்ல அண்ணி?"

கையில் பரிசுக் கோப்பையோடு நின்றேன். தோற்றுப்போனவள்மேல் இவ்வளவு பொறாமை வரும் என்று நான் நினைக்கவேயில்லை.